மனச்சோர்வும் பிட்யூட்டரியும்: எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் வந்த ஒரு வரியை எப்படி எடுத்துக்கொள்வது?

மலர்விழி
எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு மனச்சோர்வுக்காகச் சில காலமாகச் சிகிச்சை நடக்கிறது. வயது 24. அடிக்கடி தலைவலி என்று சொன்னதால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மற்றதெல்லாம் இயல்பு என்று வந்திருக்கிறது. ஒரு வரி மட்டும் உறுத்துகிறது: மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சின்ன ஹார்மோன் சுரப்பி சற்றுப் பெரிதாகத் தெரிகிறது, உயரம் 9 மி.மீ., மேல்பக்கம் லேசாகக் குவிந்திருக்கிறது, கட்டி எதுவும் இல்லை. நரம்பியல் மருத்துவர் "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார். ஆனால் தேடிப் பார்த்தால் மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிட்யூட்டரி பெரிதாக இருக்கும் என்று ஆய்வுகள் வருகின்றன.

அப்படியானால் இதுதான் காரணமா? இல்லை, நோயினால் இப்படி ஆனதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டில் சிலர் இன்னமும் "எல்லாம் மனப்பிரமை, எழுந்து வேலையைப் பார்த்தால் சரியாகும்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ரிப்போர்ட்டை அவர்களிடம் ஆதாரமாகக் காட்டலாமா?

கதிர்ப்படம்
நான் கதிரியக்கப் பிரிவில் ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவன். உங்கள் தங்கையின் படத்தைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லலாம்.

பிட்யூட்டரியின் உயரத்துக்கு நாங்கள் மனத்தில் வைத்திருக்கும் அளவுகோல் 6, 8, 10, 12. சிறு குழந்தைகளுக்கு 6 மி.மீ. வரை, ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 8 வரை, குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு 10 வரை, நிறைமாதத்திலும் பிரசவத்தை ஒட்டியும் 12 வரை இயல்பு. 24 வயதுப் பெண்ணுக்கு 9 மி.மீ. இந்த வரம்புக்குள்தான் வருகிறது. மேல்பக்கம் குவிந்திருப்பதும் அந்த வயதில் அடிக்கடி பார்ப்பதுதான். "சற்றுப் பெரிது" என்ற சொல் பார்த்தவரின் கண் மதிப்பீடு. அதை எழுதியதும் தப்பில்லை, மருத்துவர் விட்டுவிட்டதும் தப்பில்லை.

வேம்பு
ஐயா, அப்படிச் சொல்லிக் கடந்துவிட முடியாது. மனச்சோர்வில் பிட்யூட்டரி பெரிதாகிறது என்று 1991-லிருந்தே ஆய்வுகள் வந்திருக்கின்றன. இயல்பின் மேல் வரம்பில் இருப்பதும், ஏற்கெனவே நோய் இருப்பதும் சேர்ந்து வரும்போது அதற்கு அர்த்தம் இருக்காதா?

நாளமில்லா
வேம்பு கேட்பது நியாயமான கேள்வி. நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் படிப்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ். அங்கிருந்து சி.ஆர்.எச். என்ற ஹார்மோன் வந்து பிட்யூட்டரியைத் தூண்டும். பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.-ஐ விடும். அது ரத்தத்தில் போய்ச் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல்களைத் தட்டி எழுப்பும், அவை கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரக்கும். கார்டிசால் போதிய அளவு ஆனதும் அதுவே மூளைக்குத் திரும்பிப் போய் "போதும்" என்று நிறுத்த வேண்டும். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த நிறுத்தும் வேலைதான் சரியாக நடப்பதில்லை.

இதற்கான ஆதாரம் ஸ்கேனிலிருந்து மட்டும் வரவில்லை. 1994-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், மனச்சோர்வோடு இறந்தவர்களின் ஹைப்போதலாமஸைத் திசு அளவில் பார்த்தபோது, சி.ஆர்.எச். உருவாக்கும் நரம்பணுக்கள் மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு இருந்தன. மேலே இப்படி ஓயாத தூண்டல் என்றால் கீழே உள்ள சுரப்பிகளும் பருத்திருக்க வேண்டும் அல்லவா? படமெடுத்துப் பார்க்கத் தொடங்கியது அதற்காகத்தான். 1991-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணன் குழுவினர் பிட்யூட்டரி பெரிதாக இருப்பதைக் காட்டினார்கள். 2004-ல் மனச்சோர்வு உள்ள பதின்வயதினர் 17 பேரிடம் சுமார் கால் பங்கு கூடுதல் என்று இன்னொரு ஆய்வு வந்தது. லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் மிக வலுவான காந்தம் கொண்ட 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ.-யில் 84 பேரை அளந்து, மனநிலைக் கோளாறு உள்ளவர்களின் இடப்பக்க ஹைப்போதலாமஸ் சராசரியாக 5 விழுக்காடு பெரிது என்று 2018-ல் சொன்னார்கள்.

என்னை அதிகம் ஈர்த்தது அட்ரீனல் ஆய்வுதான். ரூபின் குழுவினர் 1995-ல், மனச்சோர்வு கடுமையாக இருக்கும்போது அட்ரீனல்கள் சுமார் 70 விழுக்காடு பெரிதாக இருந்ததையும், சிகிச்சையில் தேறியவர்களிடம் அவை இயல்பு அளவுக்குத் திரும்பியதையும் காட்டினார்கள். அதே மனிதரை நோயின்போதும் தேறிய பிறகும் அளந்த ஆய்வு அது. கட்டிபோல நிரந்தரமாக வளர்ந்துவிட்ட ஒன்று இல்லை என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. 2001-ல் வந்த ஓர் ஆய்வில் அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்குப் பிட்யூட்டரி சிறிதாக இருந்தது, மனச்சோர்வு மட்டும் உள்ளவர்களிடம் வித்தியாசமே இல்லை. ஆகவே "மனச்சோர்வு என்றால் பிட்யூட்டரி பெரிதாகும்" என்று விதியாகச் சொல்ல முடியாது.

மலர்விழி, உங்களுக்குத் தனியாக ஒன்று. தைராய்டு குறைவாக இருந்தாலும் பிட்யூட்டரி பருக்கும், அதே குறைபாடு மனச்சோர்வையும் சோம்பலையும் தரும். தைராக்சின் கொடுத்தால் சுரப்பி சுருங்கிவிடும். ரிஸ்பெரிடோன் போன்ற சில மனநல மருந்துகள் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றும். மாதவிடாய் தவறுகிறதா, மார்பில் பால் கசிகிறதா என்று தங்கையிடம் கேளுங்கள். தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., புரோலாக்டின் இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள். இதுவரை பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

எண்கணி
நான் மருத்துவன் இல்லை, மூளைப்பட ஆய்வுகளில் தரவு அலசும் வேலை. நாளமில்லா சொன்ன ஆய்வுகளை மதிக்கிறேன். ஆனால் "கால் பங்கு பெரிது" என்ற எண் எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

பிட்யூட்டரியை அளப்பது என்றால் பெரும்பாலும் ஒருவர் திரைக்கு முன் உட்கார்ந்து, துண்டு துண்டாக வரும் படங்களில் சுரப்பியின் ஓரத்தை மவுஸால் வரைவதுதான். அடியில் எலும்பு, ஓரம் தெளிவு. மேலே மூளைத் திரவம், அதுவும் பரவாயில்லை. இரண்டு பக்கமும்தான் தலைவலி. அங்கே சிரைக்குழி சுரப்பியோடு ஒட்டிக்கொண்டு கிட்டத்தட்ட அதே சாம்பல் நிறத்தில் இருக்கும். பின்பாதியில் வெள்ளையாக மின்னும் பகுதியைச் சேர்ப்பதா, மேலே போகும் காம்பை எந்த இடத்தில் வெட்டுவது, இதெல்லாம் வரைபவரின் விதிப்படி.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம், 7 மி.மீ. உயரம் உள்ள சுரப்பி என்று வைத்துக்கொள்வோம். கோட்டை எல்லாப் பக்கமும் வெறும் அரை மி.மீ. வெளியே தள்ளி வரைந்தால் அது 13, 11, 8 ஆகிவிடும். பெருக்கிப் பாருங்கள், 840 எங்கே, 1144 எங்கே! கன அளவு 36 விழுக்காடு கூடிவிட்டது. அதனால்தான் நல்ல ஆய்வுகளில் வரைபவருக்கு இது நோயாளியின் படமா, மற்றவருடையதா என்று சொல்லவே மாட்டார்கள். இரண்டு பேரைத் தனித்தனியாக வரையச் சொல்லி ஒப்பிடுவார்கள். அதைச் செய்தாலும், 17 பேர், 20 பேர் என்று சிறு குழுக்களை வைத்து அளந்தால் வித்தியாசம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும் வாய்ப்பு அதிகம். வித்தியாசம் கிடைக்காத சிறு ஆய்வுகள் பல வெளிவராமலே போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழு பெரிதாகும்போது என்ன ஆகிறது? பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்த எனிக்மா கூட்டமைப்பு 1,728 நோயாளிகளையும் 7,199 மற்றவர்களையும் வைத்து ஆழ்மூளைப் பகுதிகளை அளந்தது. நினைவாற்றலுக்கு முக்கியமான, கார்டிசாலால் அதிகம் பாதிக்கப்படும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் தெளிவாகச் சிறிதாக இருந்தது. ஆனால் எவ்வளவு? ஒரு நோயாளியையும் நோயில்லாத ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்தால், நூற்றில் 54 தடவை நோயாளியுடையது சிறிதாக இருக்கும். காசைச் சுண்டினாலே 50. 2022-ல் சுமார் 1,800 பேரின் கட்டமைப்பு, செயல்பாடு எல்லாவற்றையும் அலசிய ஓர் ஆய்வில், ஒவ்வோர் அளவிலும் இரு குழுக்களும் 87 முதல் 95 விழுக்காடு வரை ஒன்றின்மேல் ஒன்று படிந்துகிடந்தன. படத்தை வைத்து யாருக்கு நோய் என்று பிரிக்க முயன்றால் 54 முதல் 56 விழுக்காடுதான் சரியாக வந்தது.

வித்தியாசம் உண்மை. ஆனால் அது கூட்டத்தின் சராசரியில் இருக்கிறது. தனி ஒருவரின் படத்தில் அதைத் தேடக் கூடாது.

பின்மழை
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நானும் பல ஆண்டுகளாக மாத்திரை எடுப்பவன். எண்கணி எழுதியது சரியாகவே இருக்கலாம், ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

கை முறிந்தவனிடம் எக்ஸ்ரே இருக்கிறது. எங்களிடம் ஒன்றும் இல்லை. காலையில் பல் தேய்க்கக் குழாயடிக்குப் போவதற்கே ஒரு மணி நேரம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். அதை யாரிடம் எப்படிக் காட்டுவது? "உன் மூளையில் இந்த இடம் இப்படி இருக்கிறது" என்று ஒரு படம் இருந்தால் வீட்டில் ஒரு வாரமாவது பேச்சு நின்றிருக்கும். மலர்விழி அந்த ரிப்போர்ட்டைக் காட்டலாமா என்று கேட்டது எனக்கு நன்றாகப் புரிகிறது. அதை அறியாமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மலர்விழி
பின்மழை, நன்றி. நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். நாளமில்லா, டி.எஸ்.எச். ஒருமுறை பார்த்திருக்கிறோம், இயல்பு. புரோலாக்டின் பார்க்கவில்லை, கேட்கிறேன். மாதவிடாய் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

கதிர்ப்படம்
பின்மழை, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். ஒரு ஸ்கேன் அறையின் இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

படத்தை ஆதாரமாக வைத்தால் அது இரண்டு பக்கமும் வெட்டும். மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்களின் எம்.ஆர்.ஐ. சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல்தான் வரும். அப்போது வீட்டில் அதே வாய்கள் "பார்த்தாயா, ஒன்றுமே இல்லை" என்று சொல்லும். இன்று தங்கையின் 9 மி.மீ.-ஐக் காட்டி நம்ப வைத்தால், ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேனில் 7 மி.மீ. என்று வந்ததும் "சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று கேட்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுப்பது கட்டி, ரத்தக்கசிவு, வீக்கம் போன்ற வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்யத்தான். மனச்சோர்வைக் கண்டறிய அதைப் பயன்படுத்தச் சொல்லி எந்தச் சிகிச்சை வழிகாட்டியும் சொல்லவில்லை. ஒற்றைத்தலைவலிக்கும் ஸ்கேன் இயல்பாகத்தான் வரும். அதை யாரும் பொய் என்பதில்லை. தூக்கம், பசி, எடை, பேச்சின் வேகம், வேலை செய்ய முடியாமை, எதிலும் ஆர்வமின்மை என்று மருத்துவர் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறாரே, நோயின் ஆதாரம் அதுதான். வீட்டாரை அந்த அறைக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் மருத்துவர் வாயால் கேட்கவையுங்கள்.

தூரிகை
ஹிப்போகேம்பஸ் சிறிதாகிறது என்றார்களே, அது மூளை சேதமா? திரும்ப வராதா? என் அம்மாவுக்கு இது நான்காவது முறை. படித்ததிலிருந்து ஒரே பதற்றம்.

நாளமில்லா
தூரிகை, பதறாதீர்கள். இதில் நல்ல செய்தியும் நிறைய இருக்கிறது.

ஹிப்போகேம்பஸில் கார்டிசாலுக்கான ஏற்பிகள், அதாவது அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், ஏராளம். 1968-ல் மெக்யூவன் குழுவினர் எலியின் மூளையில் இதைக் கண்டார்கள். அந்த வேலைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. நீண்டகால அழுத்தத்தில் அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். கிளை சுருங்குவதும் அணு செத்துப்போவதும் ஒன்றல்ல. அழுத்தம் விலகினால் கிளைகள் மறுபடி வளர்கின்றன.

மனிதரில் இதற்கு நல்ல சாட்சி குஷிங் நோய். அதில் கார்டிசால் கட்டுக்கடங்காமல் சுரக்கும், பாதிப்பேருக்கு மேல் மனச்சோர்வும் வரும். அறுவை சிகிச்சையில் கார்டிசாலை இறக்கிய பிறகு ஹிப்போகேம்பஸ் சராசரியாக 3 விழுக்காடு அளவு வளர்ந்ததை 1999-ல் ஸ்டார்க்மன் குழுவினர் காட்டினார்கள். மின்னதிர்வுச் சிகிச்சை எடுப்பவர்களிடமும் சில வாரங்களிலேயே அது பெரிதாகிறது. ஆனால் எவ்வளவு பெரிதானதோ அவ்வளவு நோய் குறைந்தது என்று பார்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை. அளவும் நலமும் நேர்கோட்டில் போவதில்லை.

எண்கணி சொன்ன எனிக்மா ஆய்வில் இன்னொரு விவரம்: முதல்முறை மனச்சோர்வு வந்தவர்களிடம் இந்தச் சுருக்கம் இல்லை. திரும்பத் திரும்ப வந்தவர்களிடமும், 21 வயதுக்குள் தொடங்கியவர்களிடமும்தான் இருந்தது. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். நோய் திரும்பத் திரும்ப வந்ததால் சுருங்கியது என்பது ஒன்று. பிறவியிலேயே சிறிதாக இருந்தவர்களுக்குத்தான் நோய் திரும்ப வருகிறது என்பது மற்றொன்று. 2002-ல் கில்பர்ட்சன் குழுவினர் இரட்டையர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒருவர் போருக்குப் போய் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடுவோடு திரும்பியவர், மற்றவர் போருக்கே போகாதவர். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சிறிது. வீட்டிலேயே இருந்த அவர்களின் இரட்டையர்களுக்கும் சிறிது! அது வேறு நோய்தான், ஆனால் "எல்லாம் கார்டிசால் செய்த சேதம்" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது என்று எச்சரிக்கிறது.

அம்மாவுக்கு நான்காவது முறை என்றால், தேறிய பிறகும் மாத்திரையை எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள். திரும்பத் திரும்ப வருபவர்கள் சீக்கிரம் நிறுத்தினால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஹிப்போகேம்பஸை அளப்பதால் அந்த முடிவு எதுவும் மாறப்போவதில்லை.

வேம்பு
நல்ல விளக்கம். அப்படியென்றால் கார்டிசாலையோ சி.ஆர்.எச்.-ஐயோ நேரடியாகத் தடுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டால் போகிறது. இத்தனை ஆண்டுகளாக ஏன் யாரும் செய்யவில்லை?

நாளமில்லா
செய்தார்கள். நிறையப் பணமும் காலமும் செலவழித்துச் செய்தார்கள்.

சி.ஆர்.எச். ஏற்பியை அடைக்கும் மருந்துகள் விலங்குகளில் நன்றாக வேலை செய்தன, தொடக்க கால மனிதச் சோதனை ஒன்றும் நம்பிக்கை தந்தது. பிறகு போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. கார்டிசால் ஏற்பியை அடைக்கும் மிஃபெப்ரிஸ்டோனைப் பிரமைகளோடு கூடிய கடும் மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; பெரிய சோதனைகளில் இலக்கை எட்டவில்லை. அந்த மருந்து 2012-ல் குஷிங் நோயில் சர்க்கரையைக் கட்டுப்படுத்த ஒப்புதல் பெற்றது. சி.ஆர்.எச். தடுப்பு மருந்து வகையில் ஒன்றான கிரினெசெர்ஃபான்டுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது, அதுவும் மனச்சோர்வுக்கு இல்லை, அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறு ஒன்றுக்கு.

என் கணிப்பு: மனச்சோர்வு என்று ஒரே பெயரில் நாம் அழைப்பதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில்தான் இந்த ஹார்மோன் வளையம் உடைந்திருக்கிறது. எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே மருந்தைக் கொடுத்தால் பலன் கரைந்துவிடும். 1981-ல் கேரல் முன்வைத்த டெக்சாமெத்தசோன் பரிசோதனைக்கும் இதுதான் நடந்தது. இரவில் கார்டிசாலைப்போல வேலை செய்யும் ஒரு மாத்திரை, மறுநாள் உடம்பின் கார்டிசால் குறைந்திருக்கிறதா என்று ஓர் அளவு, அவ்வளவுதான். அது மனச்சோர்வுக்கான ரத்தப் பரிசோதனையாகிவிடும் என்று அன்று பெரிய எதிர்பார்ப்பு. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களில் பாதிப்பேருக்கும் மேல் இயல்பாகவே வந்தது.

ஒன்று கவனியுங்கள்: இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே கார்டிசால் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். மனச்சோர்வே கார்டிசாலைச் சற்று ஏற்றும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் ரத்தத்தில் அதைக் கூட்டிக் காட்டும். முகம் உருண்டு, வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள், லேசாக இடித்தாலே ரத்தம் கட்டுதல், உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாதபடி தொடையில் பலமின்மை, இவற்றோடு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறினால் அப்போது கட்டாயம் பார்க்க வேண்டும்.

நெறியாளர்
ஸ்கேன் படம் இணைப்பவர்கள் மூலையில் இருக்கும் பெயர், அடையாள எண் இரண்டையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். ஒரு படத்தை இப்போதுதான் நீக்கினேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் இங்கே பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவசரப் பிரிவுக்கோ உதவி எண்ணுக்கோ போங்கள்.

பின்மழை
கதிர்ப்படம் ஐயா, "இரண்டு பக்கமும் வெட்டும்" என்று நீங்கள் சொன்னதை நான் யோசித்ததே இல்லை. எனக்கு எடுத்த ஸ்கேன் இயல்பு என்றுதான் வந்தது. அன்று வீட்டில் நீங்கள் சொன்ன அதே வசனத்தைத்தான் கேட்டேன்.

இன்னொரு விஷயம். மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையைப் படமெடுக்கும் ஆய்வு ஒன்றில் சேர அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா? எனக்கு ஏதாவது பயன் இருக்குமா?

எண்கணி
நேராகச் சொல்கிறேன்: உங்கள் சிகிச்சைக்குப் பயன் இருக்காது. ஆய்வு ஸ்கேனைப் பார்த்து யாரும் உங்கள் மருந்தை மாற்றப் போவதில்லை. ஆனால் நீங்கள் போனால் எங்களுக்குப் பெரிய உதவி. சிறு குழு, மருந்து எடுப்பவரும் எடுக்காதவரும் கலந்த குழு, ஒரே ஒரு தடவை எடுத்த படம், இந்தத் துறையின் குழப்பத்தில் பாதி இவற்றால் வந்ததுதான். உங்களைப்போல் நீண்டகாலம் மருந்தெடுத்தவர்கள் ஆய்வுகளுக்கு வருவதே குறைவு.

போகும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வுக்காக மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? சொன்னால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். படத்தில் எதிர்பாராமல் ஏதாவது தெரிந்தால் யார் பார்த்துச் சொல்வார்கள்? இது முக்கியம், ஏனென்றால் எந்தத் தொந்தரவும் இல்லாத பெரியவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ.-யில் பிட்யூட்டரியில் சின்னப் புள்ளி ஒன்று தெரியும். பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாது, ஆனால் முன்பே தெரியாவிட்டால் தூக்கம் போய்விடும். தரவை எங்கே வைப்பார்கள், பெயரை நீக்குவார்களா, நடுவில் விலக நினைத்தால் விலகலாமா என்றும் பாருங்கள். கருவிக்குள் முக்கால் மணி நேரமாவது அசையாமல் படுத்திருக்க வேண்டியிருக்கும், சத்தமும் பலமாக இருக்கும். உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது முறையும் கூப்பிடுவார்களா என்று கேளுங்கள். கூப்பிடும் ஆய்வாக இருந்தால் முடிந்தவரை போங்கள். ரூபினின் அட்ரீனல் ஆய்வு அவ்வளவு தெளிவாகப் பேசியதற்குக் காரணமே, தேறியவர்கள் மறுபடி வந்து படுத்துக்கொண்டதுதான்.